மழையில் வருகிறவர்கள்

ஒக்ரோபர் கடைசி வாரத்தில் ரொறன்ரோ வானத்தை நம்ப முடியாது. காலையில் வெயில் எறிக்கும். பின்னேரம் ஏரிப் பக்கமிருந்து காற்று எழும்பினால், பொழுது சாய முன்னரே மழை சரிந்து அடிக்கத் தொடங்கிவிடும். அந்த வாரத்தின் கடைசியில்தான் ஹாலோவீன் வருகிறது. ஸ்காபரோவில் அன்று ஆறு மணி தாண்டினால் இருட்டு. அந்த இருட்டில் வேஷம் கட்டிய பிள்ளைகள் தெருவில் இறங்கி, விளக்கு எரிகிற வாசல்களில் மட்டும் மணி அடித்து இனிப்புக் கேட்பார்கள். முன்வாசல் விளக்கு எரிந்தால் வரலாம். அணைந்திருந்தால் கடந்து போய்விட வேண்டும். எவரும் எழுதி வைக்காத விதி. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும்.

*

மழை பெய்தால் வேஷங்கள் பாதிக்கு மேல் மறைந்துவிடுகின்றன. இளவரசியின் மேல் மழைச்சட்டை. எலும்புக்கூட்டின் மேல் தடித்த ஜாக்கெற். முகப்பூச்சு கழுத்துவரை வழிந்திருக்கும். முகமூடிக்குள் மூச்சு நீராகப் படிந்து கண் தெரியாமல் போகும். கடதாசிப் பையின் அடி கழன்று விழும். தலையணை உறை கொண்டு வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அதுவும் நனைந்து கனக்கும்.

இந்த நாட்டில் பிள்ளைக்கு வேஷம் வாங்குகிற தாய்மார் ஓர் அளவு கூட்டியே வாங்குகிறார்கள். உள்ளே குளிருடை போட இடம் வேண்டும். எனவே இங்கே வருகிற புலிகளும் சிங்கங்களும் கொஞ்சம் பருத்தே இருக்கும்.

நனைந்த தலையோடு நிற்கிற பிள்ளையிடம், "நீ ஆராக வந்திருக்கிறாய்?" என்று கேட்பேன். உடனே ஜாக்கெற்றின் சிப்பைக் கீழே இழுத்துக் காட்டும். உள்ளே சிலந்தி மனிதனோ, தேனீயோ, வைத்தியரோ இருப்பார். குளிரில் ஒரு கணம் நெஞ்சைத் திறந்து நான் இன்னார் என்று காட்டுகிற அந்த நேரத்துக்காகவே மழை பெய்யலாம் என்று தோன்றும்.

அடுக்குமாடிக் கட்டடங்களில் மழை ஒரு பொருட்டில்லை. மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பிள்ளைகளை வரவேற்கிறவர்கள் தங்கள் வீட்டு இலக்கத்தை அதில் எழுதிவிடுவார்கள். பிள்ளைகள் மேல்மாடியில் தொடங்கி ஒவ்வொரு மாடியாக இறங்கி வருவார்கள். காலில் ஈரம் படாமல் பை நிறைந்துவிடும்.

*

மழைக்காக நாளையே மாற்றிய ஊர்கள் உண்டு.

2012 இல் சாண்டி புயல் ஒக்ரோபர் 29 அன்று நியூ ஜேர்சிக் கரையைத் தாக்கியது. மின்கம்பிகள் தெருவில் கிடந்தன. ஆளுநர் கிறிஸ் கிறிஸ்ரி, ஹாலோவீனை நவம்பர் 5 ஆம் திகதிக்குத் தள்ளிவைத்து ஆணையிட்டார். 2019 இல் மொன்றியல் நகர மேயர் வலரி பிளாந், கடும் மழையும் காற்றும் வரும் என்ற முன்னறிவிப்பைக் கேட்டு, பிள்ளைகளை ஒரு நாள் பொறுத்து நவம்பர் 1 அன்று போகச் சொன்னார். ஒரு மழைக்கு இவ்வளவு பயமா என்று பலர் கேட்டார்கள். ஆனால் காற்று சொன்னபடியே வந்தது. அந்த நவம்பர் முதலாம் திகதி கியூபெக்கில் ஏறக்குறைய பத்து இலட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். தள்ளிவைத்த நாளிலும் பல வாசல்களில் ஏற்ற விளக்கில்லை.

1991 இல் மினசோட்டாவில் எவரும் தள்ளிவைக்கவில்லை. ஒக்ரோபர் 31 பகலில் தொடங்கிய பனி நவம்பர் 3 வரை கொட்டியது. மினியாபொலிஸில் 28 அங்குலத்துக்கு மேல். டுலூத் நகரில் ஏறக்குறைய 37 அங்குலம். முதல் நாள் மாலையிலேயே கணுக்கால் புதைகிற பனி. அதற்குள்ளும் பிள்ளைகள் போனார்கள். அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று நடுவயதைத் தொட்டுவிட்டார்கள். வேறு எந்த ஆண்டு எந்த வேஷம் போட்டோம் என்பதை மறந்தாலும், அந்த ஆண்டை அவர்கள் மறப்பதில்லை.

புயலில் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பது சரி. அறுந்த மின்கம்பிக்கு வேஷம் தெரியாது. ஆனால் வெறும் மழையும் வெறும் குளிரும் வேறு. அவை ஒருவரையும் தடுப்பதில்லை. எவ்வளவு ஆசை என்று கேட்கின்றன, அவ்வளவுதான்.

*

மழை இரவில் அந்தக் கேள்விக்கு அதிகமாகப் பதில் சொல்கிறவர்கள் பெரிய பிள்ளைகள்.

சின்னவர்கள் ஆறு மணிக்கே வந்து, ஏழு மணிக்குள் அப்பாவின் தோளில் ஏறிப் போய்விடுவார்கள். ஏழரைக்குப் பிறகு வாசலில் நிற்பவர்கள் உயரமானவர்கள். குரல் உடைந்த பையன்கள். பல்லுக்குக் கம்பி போட்ட பெண் பிள்ளைகள். மூன்று நான்கு பேராக, குடையில்லாமல், ஹூடியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு வருவார்கள். வேஷம் என்று சொல்ல ஒரு தொப்பி இருக்கும், அல்லது கன்னத்தில் கீறிய ஒரு கறுப்புக் கோடு. கையில் பள்ளிக்கூடப் பை. 'ட்ரிக் ஓர் ட்ரீட்' என்பதை மெதுவாகச் சொல்வார்கள். சொல்லலாமா என்ற சந்தேகம் அந்தக் குரலில் இருக்கும்.

பக்கத்து வீட்டு அன்ரி ஒருமுறை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "என்ன தம்பி, மீசை முளைச்சதுகளும் பையைத் தூக்கிக்கொண்டு வருதுகள். இதுகளுக்கும் குடுக்க வேணுமே?"

"குடுக்கத்தானே அன்ரி வாங்கி வைச்சிருக்கிறம்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "என்ர பிள்ளையளை நான் கன காலம் விடேல்லை. வீடு வீடாப் போய்க் கையேந்துறதெண்டு மனம் கேக்கேல்லை. பிறகு விட்டன். மகள் பெரிய பிள்ளையானதோட நிப்பாட்டிப்போட்டன். தம்பிக்காரன் அதுக்குப் பிறகும் நாலு வருசம் போனவன்."

எங்கள் வீடுகளில் இந்தக் கணக்கு ஒன்று தனியாக ஓடுகிறது. பையனுக்கு வயது கூடிவிட்டது என்று ஊர் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு வீடே சொல்லிவிடும். இருட்டில் தெருவில் நடக்கிற ஓர் இரவு அவளிடமிருந்து முன்கூட்டியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதற்கு ஈடாக எதுவும் கொடுக்கப்படுவதில்லை.

*

கையேந்துவது என்று அன்ரி சொன்னதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் கூச்சம் எனக்குப் புரிகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு, பிள்ளை இன்னொருவர் வாசலில் பையை நீட்டி நிற்பது சுலபமான காட்சியாக இருந்திருக்காது.

ஆனாலும் இந்த இரவில் கேட்கிறவர் மட்டும் காத்திருப்பதில்லை. கொடுக்கிறவரும் காத்திருக்கிறார். கடைக்குப் போய்ப் பெட்டியாக வாங்கி, பூசணியைக் குடைந்து விளக்கேற்றி, சட்டியை வாசலண்டை வைத்துவிட்டுக் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறார். மழை பெய்து ஒருவரும் வராவிட்டால் மனம் வாடுகிறது. தேவை இரு பக்கமும் இருக்கிற இடத்தில் தாழ்வு இல்லை.

*

எத்தனை வயதுவரை என்பதைச் சட்டமாகவே எழுதிய ஊர்கள் இருக்கின்றன.

கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் பாதர்ஸ்ற் நகரம் 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் இனிப்புக் கேட்டுப் போகக் கூடாது என்று விதித்திருந்தது. 2017 இல் அந்த எல்லையை 16 ஆக உயர்த்தினார்கள். மீறினால் 200 டொலர் வரை அபராதம். அமெரிக்காவில் வேர்ஜீனியாவின் செசபீக் நகரில் 1970 முதல் இருந்த விதி இன்னும் கடுமையானது: 12 வயதைத் தாண்டியவர் போனால் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. 2019 இல்தான் வயதை 14 ஆக்கிச் சிறையை நீக்கினார்கள்.

ஒரு சொக்கிலேற்றுக்குச் சிறை என்பது எவருடைய மனத்திலும் உண்மையாக இருந்திருக்காது. பயந்தது சொக்கிலேற்றுக்கு அல்ல. கூட்டமாக, இருட்டில், முகம் மறைத்து வருகிற இளைஞருக்கு.

அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலோவீன் என்றால் வட அமெரிக்காவின் பல ஊர்களில் குறும்பு இரவு. பெரிய பையன்கள் வெளிக் கழிவறைகளைக் கவிழ்த்தார்கள், மாடுகளை அவிழ்த்துத் தெருவில் விட்டார்கள், யன்னல்களில் சவர்க்காரம் பூசினார்கள். மினசோட்டாவின் அனோகா நகரத்தவர்கள் 1920 இல் ஒரு வழி கண்டார்கள். பையன்களைத் துரத்தாமல் அழைத்தார்கள். ஊர்வலம் வைத்தார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். இன்றும் அந்த ஊர் அந்த விழாவைக் கொண்டாடுகிறது. அயோவா மாநிலத்தின் டெ மொயின் நகரில் 1938 இல் இதே தொல்லைக்கு இதே மாதிரி ஒரு பதில் கிடைத்தது: ஹாலோவீனுக்கு முதல் நாள் பிள்ளைகள் வீடுகளுக்குப் போகலாம், ஆனால் ஒரு பகிடி சொன்னால்தான் இனிப்பு. 2024 இல் கெட்ட வானிலை வருகிறது என்று அந்த நாளை 31 ஆம் திகதிக்கு மாற்ற வேண்டி வந்தது. நாள் மாறினாலும் பகிடி சொல்கிற வழக்கம் மாறவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தெளிவாகிறது. இந்த இனிப்பு ஐந்து வயதுக்காரருக்காக மட்டும் வந்ததல்ல. இருட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற பதினான்கும் பதினைந்துமான பிள்ளைகளைப் பார்த்து, வா, வாசலுக்கு வா என்று ஊர் சொன்னதன் அடையாளமும் அது. யாரை மனத்தில் வைத்துக் கதவைத் திறந்தார்களோ, அவர்களையே இன்று வயது சொல்லித் திருப்பி அனுப்புகிறோம்.

*

வாசலில் நின்று வயதை அளக்கிற கண் நம்பத் தகுந்ததும் அல்ல. சில பிள்ளைகள் பத்து வயதிலேயே தாயின் உயரம் வளர்ந்துவிடுகிறார்கள். உடல் வளர்ந்தும் பேச்சு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இருபது வயதிலும் இது உண்மையான பண்டிகை. அமெரிக்காவில் 2014 இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு, கறுப்பினச் சிறுவர்களைப் பத்து வயதிலிருந்தே மற்றவர்கள் வயது கூடியவர்களாகப் பார்க்கிறார்கள் என்று காட்டியது. "உனக்கு இது தேவையா?" என்ற கேள்வி எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவில் கேட்கப்படுவதில்லை.

*

இந்த இரவின் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையான அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2018 இல் வெளியான ஆய்வொன்று, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் ஆபத்து, அருகிலுள்ள மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் கூடுதல் என்று கண்டது. நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது பத்து மடங்கு.

மழையில் நிலக்கீல் கறுப்பாக மின்னும். மேப்பிள் இலைகள் ஒட்டிக் கிடந்து வழுக்கும். குடைக்குள் குனிந்து நடக்கிற சின்னப் பிள்ளை சாரதியின் கண்ணுக்குத் தெரியாது. அப்படியான இரவில் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து வருகிறவர் யார்? இரவு வேலைக்குப் போன அம்மாவுக்குப் பதிலாகப் பதின்மூன்று வயது அக்கா. பதினைந்து வயது ஒன்றுவிட்ட அண்ணா. தம்பியை முதலில் படியேற்றிவிட்டு இவர்கள் நடைபாதையிலேயே நனைந்துகொண்டு நிற்பார்கள். நான் கூப்பிடுவேன். "எனக்கில்லை, இவனுக்குத்தான்" என்பார்கள். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே கண் சட்டிக்குப் போய்வரும்.

அந்தக் கண்ணைப் பார்த்தவருக்கு வயதெல்லை எழுத மனம் வராது.

*

இந்த ஆண்டும் மழை என்கிறார்கள். எங்கள் தெருவில் உள்ளவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். மழை என்று விளக்கை அணைக்க வேண்டாம். ஒன்பது மணிவரை எரியட்டும், பிந்தி வருகிறவர்கள் பெரியவர்கள். வண்டியை அன்று வீட்டிலேயே நிறுத்திவையுங்கள். ஓட்டத்தான் வேண்டுமென்றால் நடக்கிற வேகத்தில் ஓட்டுங்கள். கதவைத் திறந்ததும் வயதைக் கேட்காதீர்கள். வேஷம் இல்லாமல் வந்தால் டெ மொயின்காரர் போல ஒரு பகிடி கேளுங்கள். வெட்கப்பட்டு, ஒருவரையொருவர் இடித்து, கடைசியில் ஒருவன் சொல்லுவான். சின்னவருக்கு அள்ளிய அதே கையளவை அவனுக்கும் அள்ளுங்கள்.

பதினைந்து வயதுப் பிள்ளை அயல்வீட்டு மணியை அடிக்க ஆண்டில் வேறு காரணம் இல்லை. அவன் யார், யாருடைய பிள்ளை, எப்படிச் சிரிக்கிறான் என்று நாம் அறிந்துகொள்ளவும் வேறு நாள் இல்லை. அவனுக்கு வயது கூடிவிட்டது என்று ஒரு நாள் அவனே முடிவெடுப்பான். அதற்கு நம் உதவி வேண்டியதில்லை. எத்தனை வயதுவரை என்று யாராவது என்னைக் கேட்டால், மழையில் நனைந்து வர ஆசை இருக்கும்வரை என்பேன். சின்னவர்களுக்கு வழிவிடவும் நன்றி சொல்லவும் தெரிந்திருந்தால் அதற்கு மேல் ஒரு தகுதியும் வேண்டாம்.