கைப்பேசி விளையாட்டும் பெரியோர் கடனும்

கைப்பேசிப் போர் விளையாட்டுக்களாற் பிள்ளைகள் கெடுகின்றனரென்று யட்டவத்தப் பகுதிப் பெற்றோர் பலர் எம்மிடம் முறையிடுவர். குற்றம் விளையாட்டினதோ, பெரியோரதோ?

2020-ஆம் ஆண்டிற் பெருந்தொற்றால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடத்தின்பொருட்டு அக்கருவியைப் பிள்ளை கையிற் கொடுக்கச் சொன்னவர் ஆசிரியராகிய நாமன்றோ? அவ்வாண்டு செப்டெம்பரில் இந்திய அரசு, நாட்டின் பாதுகாப்புக் கருதிப் பப்ஜி விளையாட்டை விலக்கிற்று. 2021-இல் அது வேறு பெயர் பூண்டு மீண்டது. ஆதலின் விலக்கு மாத்திரம் காவலாகாது.

தோழரோடு கூடலும் வென்று மகிழ்தலும் பிள்ளைகட்கு இயல்பு. அவற்றை முற்றத்தில் நாம் அளியாவிடிற் கருவி அளிக்கும். எம் மைந்தன் இரவில் யாரோடு ஆடினானென்று யாம் ஒருநாளும் வினவிலேம். கடிந்துரைத்தல் ஒன்றே செய்தோம். அஃது எம் பிழை.

ஆசிரியர்காள்! கருவியைப் பறிக்குமுன், பிள்ளையின் அருகிருந்து அவ்விளையாட்டைக் காண்மின். பின்னர் அளவு வகுத்திடுமின். மாலையில் அவனோடு முற்றத்தில் இறங்குமின்.