மாஸ்டரிடம் சொல்லிவிட்டு விலகுவது

காலை ஆறரை மணி. தோளில் பார்பெல்லோடு ஒருவர் ஸ்குவாட் செய்துகொண்டிருக்கிறார். பின்னால் நிற்கும் மாஸ்டர் “ஆறு... ஏழு...” என்று எண்ணுகிறார், அவருடைய கட்டைவிரல் போன் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஏழுக்கு அடுத்தும் ஏழே வருகிறது. கீழே இறங்கும்போது அந்த மனிதரின் முதுகு வளைவது மாஸ்டரின் கண்ணில் படவில்லை. மூன்று மாத பி.டி. (தனிப்பயிற்சி) பேக்கேஜுக்கு முன்கூட்டியே பணம் கட்டியாகிவிட்டது. பாதி வகுப்புகள் மிச்சம் இருக்கின்றன. தொடர்வதா, விலகுவதா?

காசு கொடுத்தவருக்குப் பிடிக்கவில்லை என்றால் விலகிவிட வேண்டியதுதானே, இதில் அறம் எங்கே வந்தது என்று தோன்றலாம். ஆனால் காய்கறிக் கடையை மாற்றுவதுபோல் இவரை மாற்ற முடிவதில்லை. ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டுப் பழகிய வாய்; அந்தச் சொல்லோடு கொஞ்சம் குருபக்தியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பல ஜிம்களில் பயிற்சியாளருக்கு நிலையான சம்பளம் குறைவு. தனிப்பயிற்சிக் கட்டணத்தில் கிடைக்கும் பங்கை நம்பித்தான் அவர் வீட்டு வாடகை கட்டுகிறார். ஒருவர் விலகினால் அங்கே துண்டு விழும். இது தெரிந்த பிறகு மனசு உறுத்தத்தான் செய்யும்.

உறுத்தட்டும். ஆனால் இரக்கத்துக்காகத் தொடர்வது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. கவனமில்லாத வேலைக்கும் மாதாமாதம் பணம் வரும் என்பதைத்தான் அது அவருக்குப் பழக்கப்படுத்தும்.

ஆனால் விலகுவதற்கு முன்னால் நம் ஏமாற்றம் நியாயமானதா என்று பார்க்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு மணி நேர வகுப்பு மூன்று என்றால் மாஸ்டரின் கையில் இருப்பது அதில் 3 மணி நேரம்தான். மிச்சம் 165 மணி நேரத்தின் சாப்பாடும் தூக்கமும் அவர் பொறுப்பில் இல்லை. உடம்பும் அவசரப்படாது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பெருப்பது கண்ணாடியில் தெரிய இன்னும் நாளாகும். ஒரு மாதத்தில் தொப்பை குறையவில்லை என்று அவரைக் குற்றம் சொல்வது அநியாயம்.

மாஸ்டர் நமக்குத் தர வேண்டியது கவனம், பலன் அல்ல. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவதுதான் பலப்பயிற்சியின் அடிப்படை. போன வாரம் எத்தனை கிலோ, எத்தனை தடவை என்பதை எழுதியோ நினைவிலோ வைத்திருக்காதவரால் அதைச் செய்ய முடியாது. “போன வாரம் எவ்வளவு போட்டோம் மாஸ்டர்?” என்று கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லோருக்கும் ஒரே டயட் சார்ட்டை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவதும் இந்தக் கவனக்குறைவில்தான் சேரும். மறுநாள் தசை கடுப்பது இயல்பு. ஆனால் மூட்டில் சுருக்கென்று குத்தும்போது “வலிக்கத்தான் செய்யும், இன்னும் ரெண்டு” என்று சொல்பவரிடம் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

அவ்வளவு தூரம் போகாத நிலையில் நம்மில் பெரும்பாலானோர் ஒரு பொய் சொல்லித் தப்பிக்கிறோம். “ஆபீஸ்ல ஷிப்ட் மாத்திட்டாங்க மாஸ்டர்.” மனசு நோகாமல் விலகியதாக நமக்குள் ஒரு திருப்தி. அவருக்கோ எதனால் ஒருவரை இழந்தோம் என்பதே தெரியாமல் போகிறது. அடுத்த மாதம் அதே பார்பெல்லுக்குக் கீழே இன்னொரு முதுகு வளையும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே முதலாளியிடம் புகார் சொல்வதும் சரியில்லை. விடிகாலை ஒரு ஷிப்ட், சாயங்காலம் ஒரு ஷிப்ட் என்று நாளை இரண்டாகக் கிழித்து வேலை பார்ப்பவர்கள் இவர்களில் நிறையப் பேர். அந்தப் போனுக்குப் பின்னால் வெறும் அசதியும் இருக்கலாம்.

மாஸ்டரைத் திருத்துவது காசு கொடுத்தவரின் வேலையா என்று கேட்டால், இல்லைதான். சேவைக் குறைபாட்டுக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடவும் வழி உண்டு. அந்த வழி பணத்துக்கு. வகுப்புதோறும் முகம் பார்த்துப் பேசிய மனிதருக்கு அதற்கு முன்னால் ஒரு பேச்சாவது பாக்கி இருக்கிறது. ஒன்று போதும், நாலு பேர் முன்னிலையில் வேண்டாம், தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் தனியாக. “கீழ இறங்கும்போது முதுகு வளையுது, நீங்க போனைப் பார்த்துட்டிருந்தீங்க மாஸ்டர். எனக்குப் பயமா இருக்கு.” பொத்தாம்பொதுவாக ‘சரியில்லை’ என்பதைவிட இது அவருக்கு உதவும்.

அடுத்த வகுப்பில் போன் மேசைமேல் இருந்தால் மிச்சத்தை அவரிடமே முடிக்கலாம். மறுபடியும் கையில் இருந்தால், வேறு பயிற்சியாளர் வேண்டும் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். காரணம் என்னவென்று மாஸ்டர் யாரிடமும் கேட்கத் தேவையிருக்காது.