பெற்றது எட்டு

நாகப்பட்டினத்தில் என் பாட்டியிடம் யாராவது, "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டால், "பெத்தது எட்டு, தக்கினது மூணு" என்பாள். குரல் தழுதழுக்காது. அந்த நாளில் தஞ்சைச் சீமையின் பல வீடுகளில் கேட்ட பதில்தான் அது.

இதே கணக்கைச் சர்க்காரும் எழுதி வைத்தது. நாகை நகரசபை 1866இல் ஏற்பட்டது. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் வந்தது. காலரா, அம்மை, காய்ச்சல் என்று சாவுக்கும் தலைப்பிட்டு, ஆயிரம் பேருக்கு இத்தனை என்று கூட்டிப் போட்டார்கள்.

"மனிதனை எண்ணாக்கி விட்டார்களே! தாயின் கண்ணீரை எந்தக் கட்டத்தில் எழுதுவது, ஐயா?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

கணக்கு குறையற்றது என்று வாதாட வரவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளின் பிள்ளை, தாய்வீட்டு ஊரின் கணக்கில் ஏறும். நாகூர் கந்தூரிக்கு வந்த இடத்தில் கண்ணை மூடிய வெளியூர்க்காரர் இந்த ஊர்ச் சாவு. நாகையில் கப்பலேறிப் பினாங்கு போய், ரப்பர்த் தோட்டத்தில் மாண்டவரோ இந்த ஊர்ப் புத்தகத்திலேயே இல்லை.

ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள். எங்கள் வீடுகளில் பல் முளைக்காத சிசுவை எரிப்பதில்லை, புதைப்பார்கள். அதற்குத் திதி இல்லை, பிண்டம் இல்லை. பெயர் வைக்குமுன் போய்விட்டால் பெயரும் இல்லை. அப்படி ஓர் உயிர் வந்து போனதற்கு மிஞ்சிய எழுத்துச் சாட்சி, யாரோ ஒரு குமாஸ்தா எழுதிய ஒற்றை வரிதான். உறவு செய்யாததை அந்த அந்நியன் செய்தான்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் நடந்தது. 1918இல் வந்த விஷக் காய்ச்சலை ஒவ்வொரு வீடும் தன் தலையெழுத்து என்றே அழுது தீர்த்தது. 1921 ஜனத்தொகைக் கணக்கு வந்தபோதுதான், பத்தாண்டில் இந்தியாவின் மக்கள்தொகை பெருகுவதற்குப் பதில் சற்றுக் குறைந்தே போயிருந்தது தெரிந்தது. அந்தக் காலத்தில் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 200 குழந்தைகள் முதலாண்டு நிறைவைக் காணவில்லை.

ஒரு வீட்டில் ஒரு பிள்ளை போனால் விதி என்று ஆறுதல் கொள்ளலாம். ஆயிரத்தில் 200 போனால்? "கிணற்றைப் பார், சாக்கடையைப் பார், பிள்ளை பெறும் இருட்டறையைப் பார்" என்று அந்த எண் விரல் நீட்டுகிறது. இன்று தமிழ்நாட்டில் அது 20க்கும் கீழே. விதியா மாறியது? எண்ணியவர்கள் வெட்கப்பட்டார்கள், வெட்கப்பட்டவர்கள் வேலை செய்தார்கள்.

எண்ணுவது இரக்கமற்ற செயல் அல்ல. எண்ணாமல் விடுவதுதான் இரக்கமின்மை. பாட்டிக்கு இது தெரிந்திருந்தது. மூன்று என்று சொல்லி நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவளோ கடைசிவரை எட்டிலிருந்தே தொடங்கினாள்.