மருந்தும் அமானிதமும்

அரபு மொழியில் அலிஃப், மீம், நூன் என்னும் மூன்று எழுத்துகளை வேராகக் கொண்டு பிறந்த சொற்கள் பல. அச்சமற்ற நிலையைக் குறிக்கும் 'அம்ன்' அவ்வேரில் கிளைத்தது. நம்பிக்கையைக் குறிக்கும் 'ஈமான்' அதில் கிளைத்தது. பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளுக்கு வழங்கும் 'அமானத்' என்னும் சொல், நம் தாய்மார் நாவில் அமானிதமாகித் தமிழோடு தமிழாய்க் கலந்துவிட்ட அச்சொல், அதுவும் அவ்வேரினதே. பாதுகாப்பும் ஒப்படைப்பும் உடன்பிறந்தவை என்பதை மாணவர்க்கு ஸர்ஃபுப் பாடம் நடத்துகையில் நூறு முறையேனும் சொல்லியிருப்பேன். அதன் பொருள் என் நெஞ்சில் உறைத்தது, நண்பர் ஒருவரின் அலமாரியிலிருந்து எடுத்து வந்து என் முன் வைக்கப்பட்ட மூன்று மாத்திரை அட்டைகளைக் கண்ட நாளில்தான். ஓர் அட்டைக்குப் பத்து வீதம் முப்பது மாத்திரைகள். ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

அம்மாத்திரை யாதென்பதை முதலில் கூறிவிடுகிறேன். இரத்தப் புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததுமே அதனை ஒரே நோயெனக் கொண்டு நாம் நடுங்குகிறோம். அது பல வகைப்படும். அவற்றுள் 'க்ரானிக் மைலாய்டு லுக்கிமியா' என்பது மெல்ல வளரும் இயல்பினது. எலும்பு மஜ்ஜையிலுள்ள ஓர் உயிரணுவில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தத்தம் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதால் அது விளைகிறது. அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் 1960ஆம் ஆண்டு நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்னும் ஆய்வாளர் இருவர் இந்நோயாளரின் அணுக்களில் வழக்கத்தினும் குறுகிய ஒரு குரோமோசோமைக் கண்டனர். அது துண்டுகள் இடம் மாறியதால் நேர்ந்த குறுக்கமென 1973இல் ஜேனட் ரௌலி என்னும் பெண்மணி காட்டினார். இந்தத் தவறான இணைப்பிலிருந்து பிறக்கும் ஒரு புரதம், வெள்ளை அணுக்களைப் பெருகும்படி ஓயாது ஏவிக்கொண்டேயிருக்கிறது. அப்புரதம் தொழிற்படும் இடத்திற் போய் அமர்ந்து அதன் ஏவலை நிறுத்தும் மருந்துதான் இமாட்டினிப். 1998இல் நோயாளரிடம் சோதிக்கப்பெற்று, 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பெல்லாம் இந்நோய் கண்டவர் பெரும்பாலும் சில ஆண்டுகளையே எண்ணிக்கொண்டிருந்தனர். இன்றோ மருந்துக்கு நன்கு இணங்கும் நோயாளர் தம் வயதொத்த மற்றவர்களைப் போல் ஏறத்தாழ முழு வாழ்நாளும் வாழ்கின்றனர்.

வழக்கமான அளவு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். உணவோடு, ஒரு பெரிய குவளைத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் உண்டால் குமட்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. கண்ணிமைகள் வீங்குவது, கெண்டைக்காலில் தசை பிடிப்பது போன்ற தொல்லைகள் சிலருக்கு உண்டு. எனினும் எளிமையே இதன் பெருஞ்சோதனை என்று நான் கருதுகிறேன். ஊசியாக இருந்தால் போடுவதற்கு ஒருவர் வேண்டும், படுக்கையாக இருந்தால் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். மாத்திரையோ மனிதனை அவனுடைய நேர்மையோடு தனியே விட்டுவிடுகிறது. நோன்பும் அப்படித்தான் அன்றோ? அறைக்குள் ஒரு மிடறு தண்ணீர் குடித்தவனை அவனும் அவனைப் படைத்தவனுமன்றி வேறு யார் அறிவார்?

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 நோயாளரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. குப்பியின் மூடி திறக்கப்படும் ஒவ்வொரு முறையையும் பதிவு செய்யும் நுண்கருவி ஒன்றை மூடிக்குள் பொருத்தி, மூன்று மாதம் கணக்கிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வேளைக்கு மேல் ஒழுங்காக உண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் அளவில் நோய் மிகத் தாழ்ந்த நிலைக்கு இறங்கிற்று. தொண்ணூறோ அதற்குக் குறைவோ உண்டவர்களில் அந்நிலையை எட்டியவர் நூற்றுக்கு இருபத்தெட்டு. தொண்ணூறு விழுக்காடு என்பது நம் பிள்ளைகள் தேர்வில் பெற்று வந்தால் இனிப்பு வழங்கத்தக்க மதிப்பெண். இங்கோ அது மாதத்தில் மூன்று நாள் மறதி.

நண்பர் மறந்தவரல்லர். அதுதான் இக்கட்டுரையின் வேதனை.

துணிக்கடை வைத்திருப்பவர்; கொடுக்கல் வாங்கலில் ஒரு காசு பிசகாதவர். நோய் கண்டு இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. மருத்துவர் மதிய உணவோடு மாத்திரையை உண்ணச் சொல்லியிருந்தார்; அவரும் அவ்வாறே உண்டு வந்தார். ரமலான் பிறக்கச் சில நாள் இருக்கையில், இஷாத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, "ஹஸ்ரத், மருந்து சாப்பிடுகிறவர் நோன்பு வைக்கலாமா?" என்று என்னிடம் பொதுவாகக் கேட்டார். தாங்க முடிந்தவர் நோற்கலாம், நோற்பது சிறப்பு என்று நானும் பொதுவாகவே விடையிறுத்தேன். யாருக்காகக் கேட்கிறீர், என்ன மருந்து, எந்த வேளைக்கு என்று நான் வினவவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது நினைவிருக்கிறது.

அவர் நோன்பு வைத்தார். பகலில் உண்ண வேண்டிய மருந்தாயிற்றே என்று அம்மாதம் முழுவதும் அதனை விட்டார். உடம்பிலோ ஒரு நோவும் இல்லை. பெருநாளுக்குப் பின் எடுத்த இரத்தப் பரிசோதனையில், இரண்டாண்டுகளாக இறங்கி வந்த எண் ஏறியிருந்தது. ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டீர்களா என்று மருத்துவர் கேட்டபோது, ஆம் என்றார். மருத்துவர் அச்சொல்லை நம்பினார். நம்பியதால், மருந்தை எதிர்க்கும் வகையில் அணுக்கள் மாறிவிட்டனவோ என்று ஐயுற்று வேறொரு பெருஞ்சோதனைக்கு எழுதினார். இதனினும் விலை மிகுந்த மாற்று மருந்து ஒன்றைப் பற்றியும் பேசினார். மருந்து தோற்றதென்பது வேறு, மருந்து உண்ணப்படவில்லை என்பது வேறு. இரண்டுக்கும் காகிதத்தில் விழும் எண் ஒன்றுதான். அவற்றைப் பிரித்துக் காட்டக்கூடிய சாட்சி உலகில் ஒருவரே. அந்தச் சாட்சி பொய் சொல்லிவிட்டார்.

அவர் இல்லத்தார் அலமாரியில் அட்டைகளைக் கண்டு, என் வீட்டாரிடம் கொண்டுவந்து கொடுத்து அழுதார்.

மறுநாள் நான் அவரைக் காணச் சென்றேன். ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டதற்கு முதலில் நோன்பின் சிறப்பைச் சொன்னார். சற்று நேரம் கழித்து மகளின் திருமணப் பேச்சைச் சொன்னார். ரமலானில் பகல் வேளையில் மருந்து உண்பவர் என்று தெரிந்தால் என்ன நோயென்று நாலு பேர் கேட்பார்களாம். இரத்தத்தில் நோயுள்ள குடும்பம் என்று பெண் கேட்டவர்கள் பின்வாங்குவார்களாம். நான் வாயடைத்துப் போனேன். அந்தக் குரோமோசோம் மாற்றம் பிறந்த பின்னர் ஓர் அணுவில் நேர்வது. தந்தையிடமிருந்து மக்களுக்கு இறங்குவதன்று. இதனை அறியாத நாலு பேருக்காக அறிந்த ஒருவர் தம் உயிரைப் பணயம் வைத்தார். அந்த நாலு பேரில் நீங்களும் நானும் உண்டு.

இனி மார்க்கச் சட்டத்தின் பக்கம் வருவோம். நோயுற்றவர் நோன்பை விட்டு வேறு நாள்களில் நோற்கலாமென்பது அல்பகரா அத்தியாயத்தில் நேரே கூறப்பட்ட சலுகை. நலம்பெறும் நம்பிக்கையற்ற நீண்ட நோயாளருக்கு ஏழைக்கு உணவளிக்கும் பரிகாரமும் உண்டு. உயிருக்கோ உறுப்புக்கோ கேடு விளையுமென அஞ்சத்தக்க நிலையில் நோன்பை விடுவது சலுகை என்னும் படியைக் கடந்து கடமையாகிவிடும் என்றே நம் ஃபிக்ஹு நூலோர் வகுத்திருக்கின்றனர். இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆயினும் நண்பரின் வழக்கில் இவற்றுக்குத் தேவையே எழுந்திருக்கவில்லை என்பதுதான் என்னைச் சுடுகிறது. நாளுக்கு ஒருமுறை உணவோடு உண்ணும் மருந்தை, மருத்துவர் இசைவோடு, நோன்பு திறந்தபின் உண்ணும் இரவு உணவோடு உண்டிருக்கலாம். ஒரு கேள்வியில் தீர்ந்திருக்கும்.

எல்லா மருந்துக்கும் இவ்விடை பொருந்துமென்று எவரும் கொண்டுவிடக் கூடாது. இதே நோய்க்கு வழங்கும் நிலோட்டினிப் என்னும் மருந்தைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் நாளுக்கு இருமுறை உண்ண வேண்டும். உண்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பும், உண்டபின் ஒரு மணி நேரமும் வயிறு வெறுமையாயிருக்க வேண்டும். உணவோடு உண்டால் இரத்தத்தில் அதன் அளவு மிகுந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும். ஒரே நோய்க்குரிய இரு மருந்துகளில் ஒன்று உணவைத் துணையாகக் கேட்கிறது, மற்றொன்று உணவை விலக்குகிறது. அடுத்த வீட்டு நோயாளர் சொன்னாரென்று கைக்கொள்வது எவ்வளவு ஆபத்தென்பதை இதனால் உணரலாம்.

அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்லடி பட்டுக் காயமாயிற்று. குளிப்புக் கடமையானபோது தயம்மும் செய்துகொள்ள வழியுண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் வழியில்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்தார். செய்தி கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கொலைப்பழியை அந்த விடை சொன்னோர் மீதே சாற்றி, அறியாதவர்கள் கேட்டிருக்கலாகாதா என்று கடிந்துகொண்டார்கள். இதனை நான் பாடமாக நடத்தும்போதெல்லாம் அந்த விடை சொன்னவர்களை நொந்துகொள்வது என் வழக்கம். அவர்கள் தீயவர்களல்லர், நன்மையே நாடினார்கள். என்னைப் போலவே.

கேட்க வேண்டியவை என்னென்ன என்பதற்கு ஓரிரண்டு சொல்கிறேன். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்னும் இமாட்டினிப்பை உடல் விரைந்து கரைத்துவிடும்படி செய்கின்றன. உண்டும் உண்ணாதது போலாகும். வேறு சில கிருமி மருந்துகளும் கிரேப்ஃப்ரூட் என்னும் பழமும் அதற்கு நேர்மாறாக அளவை மிகுவிக்கும். ஆகவே புதிதாக எந்த மருத்துவர் எந்த மருந்தெழுதினாலும் இம்மாத்திரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நாட்டு மருந்தும் இதில் அடங்கும். கருஞ்சீரகத்தின் மேன்மையை நான் மறுப்பவனல்லேன்; அதனை உண்கிறேன் என்று மருத்துவரிடம் சொல்வதால் அம்மேன்மை குறைந்துவிடாது. ஒரு வேளை தவறினால் மறுநாள் இரண்டாக உண்ணலாகாது. வழக்கமான ஒன்றையே உண்ண வேண்டும். கருவிலிருக்கும் குழந்தைக்கு இம்மருந்து கேடு செய்யக்கூடுமாதலால் இதனை உண்ணும் இளம்பெண்கள் மருத்துவரைக் கேளாமல் கருத்தரிக்கலாகாது. இதை அப்பெண்ணிடம் மட்டும் சொல்லி என்ன பயன்? வீட்டில் பேரக்குழந்தை எங்கே என்று கேட்கும் மூத்தோர் அறிந்து வாய்மூட வேண்டிய செய்தி இது.

நலமாகிவிட்டேன், இனி ஏன் என்று கேட்பவருக்கும் விடையுண்டு. பிரான்சு நாட்டில் இரண்டாண்டுகளுக்கு மேல் நோயின் சுவடே தென்படாத நூறு பேருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்து, 2010இல் முடிவை வெளியிட்டனர். பத்தில் ஆறு பேர் அளவுக்கு நோய் திரும்பிற்று. பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திற்குள்ளேயே. இடைவிடாமல் இரத்தத்தைச் சோதித்துவந்தபடியால் உடனே மருந்தைத் தொடங்கி மீண்டும் அடக்க முடிந்தது. ஆக, நிறுத்துவதே கூடாதென்பதில்லை. மருத்துவர் கண்பார்வையில் நிறுத்துவதற்கும் அலமாரியில் ஒளித்து நிறுத்துவதற்கும் உள்ள தொலைவு பெரிது.

அந்த முப்பது மாத்திரைகளும் யாருடையவை என்ற கேள்வி என்னை விடுவதாயில்லை. பணம் கொடுத்து வாங்கியவர் அவர் என்பது உண்மை. ஆனால் அந்த விலைக்கு அவை அவர் கைக்கு எட்டியது எவ்வாறு? இதே மருந்துக்குக் காப்புரிமை கோரிய விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2013 ஏப்ரல் முதல் நாள் அம்மறுப்பு உறுதியாயிற்று. மாதம் ஒன்றுக்கு இலட்சம் ரூபாயைத் தாண்டி விற்ற பொருளை, உள்நாட்டுக் கம்பெனிகள் அதில் பத்தில் ஒரு பங்கினும் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது அதனாலேயே. வழக்காடியவர்களில் புற்றுநோயாளர் சங்கமும் உண்டு. முகமறியாத எத்தனையோ பேர் போராடிப் பெற்றதை ஒருவர் அட்டை பிரிக்காமல் அடுக்கி வைக்கையில், அது அவர் சொந்தப் பொருளை அவர் வைத்துக்கொண்டதாகுமா?

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை எண்ணும்போது, மருத்துவனையும் மருந்தையும் பணிவிடை செய்பவனையும் பின்னால் வைத்து, நோயுற்றவனையே முதலில் வைத்தார். அம்முதலுறுப்பு மற்ற மூன்றிடமும் பொய் சொன்னால் எஞ்சுவது யாது?

நண்பர் என்னிடம் கேட்டது வேறு. மருத்துவரிடம் உரைத்த பொய்க்கு இறைவனிடம் மன்னிப்பு வேண்டினால் போதுமா, மருத்துவரிடமும் கேட்க வேண்டுமா என்பதே அவர் ஐயம். அடியார்க்குரிய கடமையில் தவறியவன் அந்த அடியாரிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இங்கே வேறொன்றும் உண்டு: அந்தப் பொய் இன்னும் மருத்துவரின் ஏட்டில் உயிரோடிருக்கிறது, அதை நம்பி அவர் நாளை மருந்தெழுதுவார். ஆதலால் போய்ச் சொல்லத்தான் வேண்டும் என்றேன். தனியே போக நாணினார். நானும் உடன் சென்றேன். எனக்கும் அங்கே சொல்ல வேண்டிய பங்கு ஒன்றிருந்தது.

மருத்துவர் இருவர் சொன்னதையும் குறுக்கிடாமல் கேட்டார். நாங்கள் எதிர்பார்த்த கடிந்துரை வரவில்லை. ஏட்டைப் புரட்டி, மாற்று மருந்தைப் பற்றி எழுதியிருந்த வரியைப் பேனாவால் அடித்தார். பழைய மாத்திரையையே தொடர்ந்து உண்டு மூன்று மாதம் கழித்து இரத்தம் கொடுக்கச் சொன்னார். பிறகு ஒரு புதுக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் ஊரில் நோன்பு திறப்பது எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.