பொதிகை உச்சியில் ஒரு காந்த ஊசி

தாமிரபரணிக் கரையில் பிறந்தவர் எவரும் பொதிகையின் கதையைக் கேளாதிருக்க மாட்டார். கயிலைத் திருமணம் காணத் தேவரும் முனிவரும் வடக்கே திரண்டனராம். வடபுலம் தாழ்ந்து தென்புலம் உயர்ந்ததாம். குறுமுனி அகத்தியர் வந்து பொதிகையில் நின்றதும் உலகம் சமன் ஆயிற்றாம்!

கேட்டதும் நகைக்கிறோம். நகைக்கத்தான் வேண்டும். ஆனால் தோழர்களே, நகைப்போடு நம் கடமை முடிந்துவிடுமா? பொய்யை எள்ளுவது மட்டுமே பகுத்தறிவாகிவிடுமா?

அதே பொதிகையின் உச்சிக்கு 1855-ஆம் ஆண்டில் வேறொருவர் சென்றார். ஜான் ஆலன் புரூன் என்பது அவர் பெயர். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 1852 முதல் 1865 வரை திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவர். கடல்மட்டத்திற்கு ஆறாயிரம் அடிக்கு மேலே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். தவம் இயற்றவா? வரம் வாங்கவா? இல்லை, காந்த ஊசி நாள்தோறும் எவ்வளவு அசைகிறது என்று அளப்பதற்கு!

திருவனந்தபுரத்திலேயே அளந்தாரே, அது போதாதா? போதாது என்று கருதினார். சமவெளியில் கண்டது மலைமுடியிலும் மெய்யா? உயரம் கூடினால் அசைவு மாறுமா? பிறர் சொல்லை ஐயுறுவது எளிது. தன் முடிவையே ஐயுறுவது அரிது. அந்த ஐயம் தீரத்தான் மழையும் காற்றும் மோதும் மலைக்குக் கருவிகள் ஏறின. சுமந்து ஏறிய தோள்கள் எத்தனையோ! அறிவியலின் வரலாற்றில் அந்தத் தோள்களுக்கும் பங்குண்டு.

விளைந்த பயன் என்ன? பல நாடுகளின் அளவுகளோடு ஒப்பிட்டபோது, காந்த விசை நாளுக்கு நாள் ஏறுவதும் இறங்குவதும் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நிகழக் கண்டார். ஏறக்குறைய 26 நாட்களுக்கொரு முறை அம்மாற்றம் மீள்வதையும், அது கதிரவனின் சுழற்சியோடு இணைந்திருப்பதையும் கண்டார். பொதிகைக் கணக்குகள் நூலாக வெளிவந்ததோ 1874-இல். 1879-இல் அவர் மறைந்தார்.

அவர் நட்ட விதை வீண்போகவில்லை. புவிக்காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்கிறது. அக்கோட்டில் காந்த ஊசி இருபுறமும் சாயாமல் கிடையாக நிற்கும். அதற்கு மேலே, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், பகல் வேளையில் மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கிப் பாய்கிறது. ஆயுளின் பெரும்பகுதியைப் புவிக்காந்தத்திற்கே ஈந்த கணித அறிஞர் சிட்னி சாப்மன், 1951-இல் அதற்குப் பெயர் சூட்டினார். இன்று நெல்லையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் உள்ள ஆய்வகத்தின் அளவையும் மராட்டிய மாநிலத்து அலிபாக்கின் அளவையும் ஒப்பிட்டே, அவ்வோட்டத்தின் வலிமையைக் கணிக்கின்றனர்.

இங்கே எச்சரிக்கை ஒன்று வேண்டும். ஊசி சமனாக நிற்கிறதா? ஆகா, முனிவர் சமன் செய்த கதை இதைத்தானே சொன்னது, முன்னோர் அன்றே அறிந்தனர் என்று மார்தட்ட ஒருவர் வரக்கூடும். அவரிடம் கேளுங்கள்: எந்தக் கருவியால் அளந்தனர்? எத்தனை நாள் குறித்தனர்? தவறென்று தெரிந்தால் திருத்த வழி வைத்தனரா?

அதே கேள்விகளை நம்மிடமும் கேட்டுக்கொள்வோம். மேடையில் முழங்குவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஊசியின் அசைவைக் குறிக்க ஆண்டுகள் வேண்டும். கதை நம்பச் சொல்கிறது. ஊசியோ சோதிக்கச் சொல்கிறது. நம் கொள்கையையும் அச்சோதனைக்கு உட்படுத்தும் துணிவு நமக்கு உண்டெனில், அன்றுதான் நாம் பகுத்தறிவாளர்!