அழித்தது எங்கே போகிறது?

சொந்தமாக மாஸ்டடான் சர்வர் நடத்துகிற இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் பேக்கப்பில் வந்து நிற்கும். எத்தனை காப்பி, எந்த ஊரில், ஒருதடவையாவது ரீஸ்டோர் செய்து பார்த்தாயா. எல்லாம் நல்ல கேள்விகள்தான். அந்தக் காப்பியில் இருப்பது யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் பேச்சு அநேகமாகப் போவதில்லை.

என்னுடையது நாற்பது பேர் இருக்கும் சின்ன சர்வர். நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள். ராத்திரி மூணு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை அப்படியே ஒரு கோப்பாக்கி, ஏற்றிய படங்களோடு வேறு இடத்துக்கு அனுப்பும். டேட்டாபேஸ் போனால் பதிவுகள் மட்டும் போகாது. ஒவ்வொரு கணக்கின் ரகசியச் சாவியும் அதில்தான் இருக்கிறது; அந்தச் சாவி போட்ட கையெழுத்தைப் பார்த்துத்தான் மற்ற சர்வர்கள் 'இது அவர்தான்' என்று நம்புகின்றன. பேக்கப் இல்லாமல் நாற்பது பேரைக் கூட்டிவைப்பது பொறுப்பற்ற வேலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு தோழி திங்கள் இரவு எதையோ எழுதுகிறாள், செவ்வாய் காலை அழித்துவிடுகிறாள். மாஸ்டடான் ஒழுங்காக அதை நீக்கி, பதிவு போய்ச்சேர்ந்த மற்ற சர்வர்களுக்கும் 'அழித்துவிடு' என்று தகவல் அனுப்பும். அவர்கள் கேட்பார்களா என்பது அவர்கள் பாடு. என் பாடு வேறு: நடுவில் மூணு மணி வந்துபோய்விட்டது. செவ்வாய் மதியம் டிஸ்க் செத்து, நான் பேக்கப்பிலிருந்து சர்வரை எழுப்பினால், அவள் அழித்ததும் எழுந்து உட்காரும். 'எல்லாத்தையும் மீட்டாச்சு' என்று நான் பெருமையாக அறிவிப்பேன். அவளுக்கு அது மீட்பா?

டிஸ்க் சாகாவிட்டாலும் காப்பி ஒரு இடத்தில் கிடக்கிறதே. 2023 மே மாதம் அமெரிக்காவில், செயற்பாட்டாளர்கள் அதிகம் புழங்கும் கொலெக்டிவா என்ற மாஸ்டடான் சர்வரின் நிர்வாகி ஒருவர் வீட்டை எஃப்பிஐ சோதனையிட்டது. சர்வருக்குச் சம்பந்தமில்லாத வழக்கு. அந்த நேரம் பார்த்து அவர் ஏதோ கோளாறைச் சரிசெய்ய டேட்டாபேஸின் காப்பி ஒன்றைக் குறியாக்கம் இல்லாமல் வைத்திருந்தார். மற்ற கருவிகளோடு அதுவும் போனது: மின்னஞ்சல் முகவரிகள், ஹாஷ் செய்த பாஸ்வேர்டுகள், தனிச்செய்திகள். (மாஸ்டடானில் தனிச்செய்தி என்பது பேருக்குத்தான் தனி, டேட்டாபேஸ் கையில் இருப்பவர் படிக்கலாம்.) சர்வரைக் காப்பாற்ற எடுத்த காப்பி அது.

குறியாக்கம் செய், சீக்கிரம் தூக்கிப்போடு என்பது சுலபமான பதில். குறியாக்கத்தில் விவாதமே இல்லை. எவ்வளவு சீக்கிரம் என்பதில்தான் இடிக்கிறது. "அம்மா போனப்ப எழுதினதெல்லாம் இங்கதான்டா இருக்கு, பாத்துக்க" என்று என்னிடம் சொன்ன நண்பனும் இதே நாற்பதில் ஒருவன். பழுது இருபது நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்தால், பதினாலு நாள் காப்பி அவனுக்கு உதவாது. இருந்தாலும் பதினாலு என்றே வைத்திருக்கிறேன். வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு வேறு வழி உண்டு: ஏழு நாளைக்கு ஒருமுறை தன் பதிவுகளை மொத்தமாகக் கேட்டு இறக்கிக்கொள்ள மாஸ்டடானே விடுகிறது. மறக்க விரும்புகிறவருக்கு என்னை விட்டால் வழியில்லை.

இன்னொன்றும் செய்தேன். அழிக்கப்படும் ஒவ்வொரு பதிவின் எண்ணும் உடனே வேறொரு கணினிக்குப் போய்விடும். எழுத்து கிடையாது, வெறும் எண். ரீஸ்டோர் செய்தால், சர்வரைத் திறப்பதற்கு முன் அந்தப் பட்டியலை ஓட்டி மறுபடி அழிக்க வேண்டும். மறந்ததை மறந்ததாகவே வைக்க ஒரு நினைவுப் பட்டியல் தேவைப்படுகிறது! அந்த வேடிக்கை எனக்கு இன்னும் பழகவில்லை.

சர்வரின் அறிமுகப் பக்கத்தில் இப்போது ஒரு வரி இருக்கிறது: 'நீங்கள் அழித்தது 14 நாள் எங்கள் காப்பியில் இருக்கும்.' அதைப் படித்துவிட்டு ஒருத்தி கேட்டாள்.

"அந்தப் பதினாலு நாள்ல நீ எடுத்துப் படிப்பியா?"

"மாட்டேன்."

"படிக்க முடியுமா?"

"முடியும்."

சரி என்று மட்டும் சொன்னாள். இன்னும் எங்கள் சர்வரில்தான் இருக்கிறாள். தனிச்செய்தி மட்டும் இப்போது சிக்னலில் அனுப்புகிறாள்.