ஆட்டம் நின்ற நாட்களில் ‘நாம்’

1994ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 14ல் எஞ்சிய பருவமும் வேர்ல்ட் சீரீஸும் ரத்து செய்யப்பட்டன. இரண்டு உலக யுத்தங்களின்போதும் நிற்காத தொடர் அது. 1904க்குப் பிறகு முதல் தடவையாக நின்றது. நின்ற அன்று எல்லா அணிகளுக்கும் மேலாக இருந்தது கனடாவின் மாண்ட்ரீல் எக்ஸ்போஸ்: 74 வெற்றி, 40 தோல்வி. ஆட வேண்டிய 162ல் 48 ஆட்டங்கள் பாக்கி.

பேஸ்பால் மைதானம் எதிலும் நான் கால் வைத்ததில்லை. அந்த ஆட்டத்தின் விதிகள்கூட எனக்குப் படித்துத் தெரிந்தவைதான். என்னை உறுத்துவது, ஆட்டம் நின்ற பிறகும் தம் அணியைப் பற்றி ரசிகர்கள் விடாமல் பேசியதும் அந்தப் பேச்சில் வந்த ‘நாம்’ என்ற சொல்லும். “நாம் ஜெயித்திருப்போம்.” பந்தைத் தொடாதவன், சம்பளம் வாங்காதவன், பங்கு வைத்திராதவன் சொல்கிற இந்த ‘நாம்’ எதைக் குறிக்கிறது?

சட்டையையும் பெயரையும் என்று சொல்லிப் பார்க்கலாம். 1995 வசந்தகாலப் பயிற்சிக்கு முதலாளிகள் மாற்று ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். அதே சட்டை, அதே பெயர். ஆனால் ரசிகர்களில் பெரும்பாலோர் அதைத் தம் அணியாக ஏற்கவில்லை. அப்படியானால் மனிதர்களையா? அதுவும் நிற்காது. ஏப்ரல் 2ல் வேலைநிறுத்தம் முடிந்த சில நாட்களிலேயே கென் ஹில், ஜான் வெட்லண்ட், மார்கிஸ் கிரிஸம் மூவரையும் எக்ஸ்போஸ் நிர்வாகம் வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டது. லாரி வாக்கரும் போய்விட்டார். ஆளெல்லாம் மாறிய பிறகும் ரசிகன் ‘நம் அணி’ என்றுதான் சொன்னான்.

ஆகவே அது வெறும் மாயை, லௌகீகத்திலிருந்து தப்பியோட ஒரு வழி என்று ஒதுக்கிவிடும் அறிவுஜீவிகள் உண்டு. நான் அவ்வளவு சுலபமாக ஒதுக்க மாட்டேன். பலர் சேர்ந்து வருஷக்கணக்காக நினைவு வைத்திருப்பதும் எதிர்பார்த்திருப்பதும் ஒரு வஸ்துதான். ஆட்டம் நடக்கும்போது அது ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டு தெரிவதில்லை. நின்றபோதுதான் தனியாகத் தெரிகிறது.

என் ஆட்சேபம் வேறு. நான் வங்கி குமாஸ்தா. ஒரு வேலைநிறுத்த நாளில் கிளையின் ஷட்டருக்கு வெளியே சங்கக் கொடியோடு நின்றிருந்தேன். எங்கள் கிளையை எப்போதும் ‘நம்ம பேங்க்’ என்று சொல்லும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பாஸ் புத்தகத்தோடு வந்தார். ஷட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் பேராசை சார். நடுவுல நாங்கதான் சாகறோம்” என்றார். எதற்காக நிற்கிறோம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவருடைய ‘நம்ம’ அந்த இடத்தில் ‘நாங்க’ ஆகிவிட்டது. இவ்விரண்டையும் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்தான்; அதில் இந்த நழுவல் காதில் விழாது.

பேஸ்பால் ரசிகனும் இப்படித்தான் நழுவினான். ஜெயித்தால் நாம். தகராறு என்று வந்தால் ‘அவர்கள்’, இரு தரப்பும் பேராசைக்காரர்கள். இது நடுநிலை போலத் தோன்றும். சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றவர்கள் முதலாளிகள், மறுத்தவர்கள் ஆட்டக்காரர்கள். 1995 மார்ச் 31ல் நீதிபதி சோனியா சோட்டோமேயர் தடையுத்தரவு பிறப்பித்தது முதலாளிகளுக்கு எதிராக. பழைய ஒப்பந்த விதிகளின்படியே நடக்க வேண்டும் என்றார். இரு தரப்பும் சமம் என்று சொல்ல வேண்டுமானால் இதையெல்லாம் விசாரித்த பிறகு சொல்லலாம். விசாரிக்காமல் சொல்வது சோம்பேறித்தனம். ‘நாம்’ என்று சொன்னவனுக்கு விசாரிக்கும் கடமையாவது உண்டு.

இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. இரண்டு இதழ்களுக்கு நடுவே, பத்திரிகை வராத மாதங்களில், நாமும் ‘நம் பத்திரிகை’ என்றுதான் பேசிக்கொள்கிறோம். அடுத்த இதழில் என்ன வரவேண்டும் என்று டீக்கடையில் மணிக்கணக்காக விவாதிக்கிறோம். அச்சகத்துக் கடன் என்று பேச்சு வந்ததும் அது ‘அவர்’ பத்திரிகை ஆகிவிடுகிறது. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்.

2004 பருவத்தோடு எக்ஸ்போஸ் மாண்ட்ரீலை விட்டது. 2005ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் ஆயிற்று. 2019ல் அந்த அணி வேர்ல்ட் சீரீஸை வென்றது. தஸ்தாவேஜின்படி அது 1969ல் மாண்ட்ரீலில் தொடங்கிய அதே அணி. மாண்ட்ரீல் ரசிகன் ‘நாம் ஜெயித்தோம்’ என்று சொல்லலாமா? சொல்ல முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 1994ல் பாக்கி நின்ற அந்த 48 ஆட்டங்களைப் பற்றி அவன் இன்றைக்கு ‘நாம்’ என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அதில் பங்கு கேட்க வெற்றி ஒன்றும் இல்லை. இழப்பில்தான் பங்கு கேட்கிறான்.